நாலாவது கேள்விக்கு ஒரு சண்டை

ரத்னவேல் யாரோடும் சண்டை போட்டதில்லை. இதை ஒரு நல்ல குணம் என்றே அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பெரிய தகுதிக் குறைபாடு என்று அவருக்குத் தெரியவந்த இடம் ஜாலான் புசாரில், கழிவறைக் கோப்பையும் குழாயும் விற்கிற ஒரு கடையின் மேல்மாடி.

அங்கேதான் வெற்றி நேர்முகக் கழகம் இருந்தது. வேலைக்கான நேர்முகத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்து கொடுக்கிற இடம். கழகத்தின் சான்றிதழ் இருந்தால்தான் கம்பெனிகள் ஆளை உள்ளே கூப்பிட்டன. ஏனப்பா என்று கம்பெனிக்காரர்களைக் கேட்டால் கழகம் அப்படிச் சொல்கிறது என்பார்கள். கழகத்தைக் கேட்டால் கம்பெனிகள் அப்படி எதிர்பார்க்கின்றன என்பார்கள். நடுவில் வேலையில்லாதவர்கள் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ரத்னவேலோடு படியேறியவர் அப்துல் காதர். இருவரும் செம்பவாங்கில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியின் ஸ்டோரில் பதினாறு வருஷம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மேசை விசிறி. காதர் அதை ரத்னவேல் பக்கம் திருப்புவார், ரத்னவேல் காதர் பக்கம் திருப்புவார், கடைசியில் அது சுவருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டோரைக் கம்பெனி இழுத்து மூடிவிட்டது.

காதர் இந்த நாட்டிலேயே பிறந்தவர். வேலை போனால் கஷ்டம், ஆனால் வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது. மன்னார்குடிக்காரரான ரத்னவேலுக்கு வேலை போனால் இங்கே தங்க அனுமதிக்கிற வேலை பாஸும் போகும். பாஸ் போனால் மனைவியும் மகள் அனிதாவும் மூட்டை கட்ட வேண்டும். அனிதா உயர்நிலை நான்கு படிக்கிறாள், ஆண்டுக் கடைசியில் ஓ லெவல் தேர்வு. புத்தகத்தோடு புத்தகமாகப் பாதியில் அவளை விமானத்தில் ஏற்ற வேண்டிவருமே என்கிற பயம் ரத்னவேலைத் தின்றுகொண்டிருந்தது. பூன் லேயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. இருவருமே அதற்குத்தான் மனுப் போட்டார்கள்.

"உனக்குக் கெடச்சா எனக்குச் சந்தோஷம், எனக்குக் கெடச்சா உனக்குச் சந்தோஷம். முடிஞ்சுது லா" என்றார் காதர்.

முதல் நாள் கழகத்தின் முதல்வர் இளமாறன் வரவேற்புரை ஆற்றினார். சந்தன நிறக் கோட்டு, நெஞ்சில் தன் பெயரையே பொறித்த ஒரு பதக்கம்.

"அன்பார்ந்த வேலையற்றோரே! மற்ற நிலையங்கள் உங்களுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கின்றன. நெருக்கடியில் பணியாற்றியதுண்டா என்று கேட்டால் ஒரு கதையை இட்டுக்கட்டச் சொல்கின்றன. நாங்கள் அறவழி நிற்பவர்கள். நீங்கள் சொல்ல வேண்டிய ஒவ்வோர் அனுபவத்தையும் முதலில் உங்களுக்கு இங்கேயே நடத்தி வைப்போம். அதன் பின்னரே சொல்லச் சொல்வோம். நடந்ததைச் சொல்வது எப்படிப் பொய்யாகும்?"

கைதட்டினார்கள். முதல்வருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"நான் என் வாழ்நாளில் ஒரு நேர்முகத்திலும் அமர்ந்தவனல்லேன். இந்தக் கழகத்தை என் மாமனார் திருமணச் சீராகக் கொடுத்தார். ஆகவேதான் நேர்முகத்தை என்னால் பாரபட்சமின்றிப் பார்க்க முடிகிறது. மேலும், நாங்கள் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. அது சிறிய காரியம். அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டோம். நாங்கள் தருவது பதில்!"

இரண்டாவது கைதட்டல் ஓய்ந்ததும் முதல் அடி விழுந்தது.

அடித்தவன் அர்ஃபான். கழகத்தில் அவனுடைய பதவிப் பெயர் 'அனுபவ வழங்குநர்'. ஆறடி உயரம், தோள் இரண்டும் குளிர்பதனப் பெட்டி அகலம், குரல் மட்டும் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல். மதிப்பீட்டாளர் சாமுண்டீஸ்வரி மேடம் கழுத்தில் தொங்கும் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்து, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். ரத்னவேல் எழுந்து, "என் பேரு ரத்னவேல், சொந்த ஊரு..." என்று தொடங்கியதும் விசில் ஊதினார்.

"அங்கிள், கண்ணாடிய மட்டும் கழட்டிக்கிறீங்களா?" என்று கேட்டான் அர்ஃபான். கழற்றினார். பளாரென்று ஒன்று விட்டான். ரத்னவேலின் காதுக்குள் மணி அடித்தது.

"உங்களப் பத்திச் சொல்லச் சொன்னா உங்களப் பத்திச் சொல்லுவீங்களா?" என்று மேடம் அலுத்துக்கொண்டார். "உங்க ஊரு யாருக்கு வேணும்? கம்பெனிக்கு என்ன கெடைக்கும்னு சொல்லணும். மறுபடியும்."

ஊர்ப் பெயரை மறக்க அவருக்கு மூன்று அறை தேவைப்பட்டது. மகள் பெயரை மறக்க இன்னும் இரண்டு. உதடு கிழிந்த பிறகு, "நான் ஒரு ரிசல்ட் ஓரியன்டட் ப்ரொஃபஷனல்" என்று தானாகவே வந்தது. மேடம் மகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு பஞ்சு கொடுத்தார்.

இரண்டாவது கேள்வி, உங்களுடைய பலவீனம் என்ன. காதர் யோசிக்காமல் முழங்கால் வலி என்றார். அர்ஃபான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதே முழங்காலில் உதைத்தான். காதர் தரையில் சுருண்டு, "அல்லாவே" என்று முனகினார். பலவீனம் என்பது உண்மையில் பலமாக இருக்க வேண்டும், நிஜமான பலவீனத்தைச் சொல்கிறவன் பலவீனமானவன் என்று மேடம் விளக்கினார். காதர் தரையில் கிடந்தபடியே, "நான் அளவுக்கு மீறி உழைச்சிருவேன்" என்றார். அதற்கு முழு மதிப்பெண்.

மூன்றாவது, உங்கள் மிகப் பெரிய தோல்வி. இதில் மாட்டியவர் சுந்தரேசன் என்கிற பழைய வங்கி அதிகாரி. பாவம், மனிதர் எதிலும் தோற்றதில்லை. வகுப்பில் முதல், வேலையில் முதல். கழகம் முதலில் அவருடைய கைப்பேசியைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தது. "இது உங்க தப்பு, என் தோல்வி இல்ல" என்று அவர் சட்டம் பேசினார். சரி என்று அர்ஃபான் அதே சுத்தியலால் அவருடைய வலது கைக் கட்டைவிரலில் ஒன்று போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கீழே குழாய்க் கடைவரை கேட்டது. வலது கை தோற்ற சூழலில் இடது கைக்குத் தலைமைப் பொறுப்பளித்து மீண்டெழுந்த கதையை அன்று மாலையே சுந்தரேசன் கண்ணீரோடு சொன்னார். முதல்வரே இறங்கிவந்து அவருடைய இடது கையைக் குலுக்கினார்.

யாரும் மருத்துவரிடம் போகவில்லை. போனால் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுக் கொடுப்பார்கள், எம்சி எடுத்தால் மீள்திறனில் மதிப்பெண் போய்விடும். இடைவேளையில் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவர் காயத்துக்கு ஒருவர் மருந்து போட்டுக்கொண்டார்கள். காதர் தன் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ரத்னவேலின் உதட்டில் களிம்பு தடவினார்.

"வலிக்குதா வேலு?"

"இல்ல பாய். பழகிருச்சு."

"பழகக் கூடாது லா. பழகிட்டா மூஞ்சி மாறிரும். உன் மவ பயந்துருவா."

நாலாவது கேள்விக்கு அடுத்த நாள் வந்தார்கள். உடன் வேலை செய்தவரோடு உங்களுக்கு ஏற்பட்ட மோதலைப் பற்றிச் சொல்லுங்கள்.

"எங்களுக்குள்ள மோதலே வந்ததில்ல மேடம்" என்றார் ரத்னவேல். இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் என்று காதரும் பெருமையாக எடுத்துச் சொன்னார். வகுப்பில் சலசலப்பு எழுந்தது. சாமுண்டீஸ்வரி மேடம் இருவரையும் தொற்றுநோய் கண்டவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முதல்வரை அழைத்துவந்தார்.

முதல்வர் இளமாறன் உண்மையிலேயே வருந்தினார். "பதினாறு ஆண்டுகள்! ஒரு மோதல்கூட இல்லையா? அப்படியானால் இருவரும் கூடிக்கூடி என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்? மோதாதவன் சமரசம் செய்ய முடியாது. சமரசம் செய்யாதவன் தலைவனாக முடியாது. நீங்கள் பதினாறு ஆண்டுகளை வீணடித்துவிட்டீர்கள். போனது போகட்டும், இன்று ஈடுசெய்வோம்."

மேசைகளை ஒதுக்கி நடுவில் இடம் விட்டார்கள். கீழ்க்கடையிலிருந்து பயிற்சிக்கென்று கடனாக வந்திருந்த சாமான்கள் ஓரமாகக் கிடந்தன: இரண்டு குழாய், ஒரு குளியல் கைப்பிடி, கழிவறைக் கோப்பைக்கான ஒரு மூடி.

நண்பர்கள் இருவரும் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டார்கள். காதர் "டேய்" என்றார், ரத்னவேல் "என்ன பாய்" என்றார். விசில் ஊதியது. உண்மைத்தன்மை இல்லை. மறுபடி செய்தார்கள். ரத்னவேல் காதரின் தோளில் ஒரு குத்து விட்டார், விட்ட கையோடு அந்த இடத்தைத் தடவியும் கொடுத்துவிட்டார். விசில்.

"அர்ஃபான், பாய்க்கு ஒரு அடி எப்பிடி இருக்கும்னு காட்டு" என்றார் மேடம். "வேலு சார் பாத்துக் கத்துக்கட்டும். அவரு அடிக்கிறவரைக்கும் நீ அடி."

அர்ஃபான் காதரின் வயிற்றில் குத்தினான். "சாரி பாய்." விலாவில் குத்தினான். "சாரி பாய்." காதர் மடங்கி விழுந்து, சாப்பிட்டதையெல்லாம் தரையில் கக்கினார். ரத்னவேல், "விடுங்க மேடம், எங்களுக்குச் சர்ட்டிஃபிகேட்டே வேணாம்" என்று கத்தினார். ஆனால் கத்தும்போதே அனிதாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. அதை நோக்கி அவருடைய கால் ஓர் அடிகூட நகரவில்லை. இந்தக் கேவலத்தை அவர் தன்னிடமே ஒப்புக்கொள்ள விரும்பவில்லை.

காதர் அதைக் கவனித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீ அடி வேலு. அவன் கை இரும்பு, உன் கை தேவல லா. அடிச்சுட்டா முடிஞ்சுது."

"என்னால முடியாது பாய்."

"முடியும். இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு." காதர் நெருங்கிவந்தார். ரத்னவேலின் சமையலைக் கேலி செய்தார், நடையைக் கேலி செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. ரத்னவேல் அழுதுகொண்டு நின்றார். அர்ஃபான் மறுபடி கையை மடக்கினான். அப்போது காதர் வேறொரு குரலில் பேசினார்.

"நீ ஊருக்குப் போனா நல்லதுதான்டா. எத்தன வருஷம் எங்க ஊருல வந்து ஒக்காந்துட்டு... உன் குடும்பத்தத் தூக்கிட்டுப் பிளேன் ஏறு. அந்தப் பிள்ளயப் படிக்க வச்சு என்னத்த கிழிச்ச? அந்த வேல எனக்கு."

ரத்னவேலுக்கு அது நடிப்பு என்று தெரியும். தெரிந்தது அறிவுக்கு. கை அதற்குள் தரையில் கிடந்த கழிவறை மூடியை எடுத்துவிட்டது. முதல் அடி காதரின் வாயில் விழுந்தது. இரண்டாவது மூக்கில் விழுந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது அர்ஃபானே பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். காதர் மல்லாந்து கிடந்தார். முன்பல் இரண்டு தரையில் கிடந்தன, சட்டையெல்லாம் ரத்தம்.

"எக்ஸலன்ட்!" என்றார் சாமுண்டீஸ்வரி மேடம். "ஹண்ட்ரட் பர்சன்ட் அத்தென்டிக்!"

முதல்வர் இளமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்.

ரத்னவேல் மண்டியிட்டுக் காதரின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். காதர் ஒரு கண்ணைத் திறந்து, "நல்லா அடிச்ச லா, பாஸ் பண்ணிட்டோம்" என்றார். பல் இல்லாததால் சொல்லெல்லாம் காற்றாக வந்தது.

அதோடு விட்டார்களா? இல்லை. மோதல் நடந்தால் போதாதாம், அதைச் சொல்லத் தெரிய வேண்டுமாம். சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படி. மேடம் ரத்னவேலைத் தனியாக உட்காரவைத்து, சூடு ஆறுவதற்குள் சொல்லச் சொன்னார். "நான் மூடிய எடுத்து அவர அடிச்சேன்" என்று சொன்னதும் அர்ஃபான் ஒன்று வைத்தான்.

"யாராச்சும் நான் அடிச்சேன்னு சொல்லுவாங்களா? அவரு ஆத்திரப்பட்டாரு, நீங்க அமைதியாக் கையாண்டீங்க. அவரு இப்ப உங்களுக்கு நன்றி சொல்றாரு. அதான் பதில்."

"அது பொய்யில்லையா மேடம்?"

"சண்ட நடந்துச்சா இல்லையா? ரத்தம் வந்துச்சா? அது ஃபேக்ட். யாரு அடிச்சாங்கங்கறது வெறும் பிரசன்டேஷன்."

ரத்னவேல் அதைச் சரளமாகச் சொல்ல வரும்வரை அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் நாக்குக்கு வழி தெரிந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்த வாரமே பூன் லேயில் நேர்முகம். கிடங்கின் குளிரூட்டிய அறைக்கு வெளியே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காதரின் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். ரத்னவேலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, "கீழ பஸ் ஸ்டாப்ல இருக்கேன்" என்று நொண்டிக்கொண்டே போனார்.

உள்ளே ஆள்சேர்ப்பு மேலாளர் ஷபானா. பளிச்சென்ற இளம்பெண், பேச்சில் நல்ல குளிர்ச்சி. தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாள், ரத்னவேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சொன்னார். பலவீனம், தோல்வி எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. பிறகு அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், இப்பப் போனாரே ஒருத்தர், பார்த்தீங்களா? வாயெல்லாம் வீங்கிக் கெடக்கு. கூட வேல பார்த்தவங்களோட கான்ஃப்ளிக்ட் பத்திக் கேட்டேன். பதினாறு வருஷமா யாரோடயும் ஒண்ணும் இல்லங்கறாரு. அப்ப பல்லு என்னாச்சுன்னா, மாடிப்படியில விழுந்துட்டேங்கறாரு. நம்புற மாதிரியா இருக்கு? இன்டெக்ரிட்டிக்கு சீரோ போட்டேன். சரி, நீங்க சொல்லுங்க."

ரத்னவேலுக்குப் புரிந்துவிட்டது. காதர் அவரைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து உள்ளே வரப்போகிறவன்தான் தன் பல்லை உடைத்தவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். நானும் அதையே சொல்லிவிடலாம், எங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவர் நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். வாயைத் திறந்தார்.

"சூழ்நிலை என்னன்னா, எங்க ஸ்டோர்ல அப்துல் காதர்னு ஒரு கொலீக்" என்றது வாய். பிறகு அது நிற்கவில்லை. பொறுப்பைச் சொன்னது. செயலைச் சொன்னது. அவர் ஆத்திரத்தில் அடிக்கப் பாய்ந்ததையும், கால் தடுக்கி விழுந்ததையும், தான் நிதானம் இழக்காமல் அவரைத் தூக்கி மடியில் கிடத்தியதையும் சொன்னது. இன்றுவரை அவர் தனக்கு நன்றி சொல்வதாக விளைவையும் சொல்லி முடித்தது. அறைக்குப் பயந்து கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். அறை விழவில்லை.

ஷபானா மேசையில் இருந்த முந்தைய மனுவில் பெயரை ஒருமுறை பார்த்தாள். "அப்துல் காதர்... இப்பப் போனவரா?"

ரத்னவேல் தலையசைத்தார். அதை வாய் செய்யவில்லை, அவரேதான் செய்தார்.

"அடப்பாவமே! அவரையும் மன்னிச்சு, நடந்தத மறைக்காமச் சொல்றீங்களே" என்று அவள் எழுந்து கைகொடுத்தாள். "திங்கக்கெழம வந்துருங்க அங்கிள், பாஸுக்கு நாங்க அப்ளை பண்றோம். கவலப்படாதீங்க, அந்த மாதிரி அடிதடி ஆளு இனி உங்க பக்கத்துல வர முடியாது. இந்த ஏரியாவுல எல்லா எச்ஆருக்கும் இன்னைக்கே மெசேஜ் போட்டுருவேன்."

கீழே பேருந்து நிறுத்தத்தில் காதர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்னவேலைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"நாலாவது கேள்வி கேட்டுச்சா அந்தப் பொண்ணு?"

"கேட்டாங்க பாய்."

"என்னையும் கேட்டுச்சு. உன் பேர இழுக்கல லா. சண்டையே இல்ல, மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிட்டேன். நீ என்ன சொன்ன?"

ரத்னவேல் சாலையைப் பார்த்தார்.

"நானும் அதத்தான் பாய் சொன்னேன். சண்டையே இல்லன்னு."

காதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீங்கிய உதட்டோடு சிரிக்கப் போய், வலி தாங்காமல் ரத்னவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பப் பயமே இல்ல லா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிருக்கோம். நம்பிருவாங்க."